நடனப் பட்டப்படிப்பில் கற்றல் பேறு மதிப்பீடு

நடனப் பட்டப்படிப்பில் கற்றல் பேறு மதிப்பீடு என்பது, நடனத்தை முதன்மைப் பாடமாகப் பயின்ற மாணவர் ஒருவர் பட்டம் பெறும் வேளையில் எவற்றை அறிந்திருக்கிறார், எவற்றைச் செய்ய வல்லவராக இருக்கிறார் என்பதைச் சான்றுகளின் மூலம் கண்டறிந்து, அதன் அடிப்படையில் பாடத்திட்டத்தைத் திருத்தும் செயல்முறை ஆகும். கற்றல் பேறு என்பது கற்றல் விளைவு, கற்றல் அடைவு, கற்றற் பெறுபேறு எனவும் தமிழில் வழங்கப்படுகிறது.

எழுத்துத் தேர்வில் விடைத்தாள் எஞ்சுகிறது. அதை மறுநாளும் எடுத்துத் திருத்தலாம், வேறொருவரிடம் கொடுத்தும் திருத்தலாம். நடனமோ ஆடி முடிந்த கணத்திலேயே மறைந்துவிடுகிறது. மேலும், நடனத்தில் விடையும் விடை எழுதுபவரும் ஒரே உடல். எனவே மதிப்பிடப்படுவது மாணவர் கற்றதா அல்லது அவர் பிறந்த உடலா என்ற கேள்வி இத்துறையில் எப்போதும் தொடர்ந்து வருகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நடைமுறையை விளக்குகிறது.

மதிப்பெண்ணும் பேறும்

பாடத்துக்கு வழங்கப்படும் மதிப்பெண்ணும் கற்றல் பேறு மதிப்பீடும் ஒன்றல்ல. ஒரு நடன நுட்ப வகுப்பின் மதிப்பெண்ணில் வருகைப் பதிவு, முயற்சி, உரிய உடையில் வருதல், முன்னேற்றம், ஆடும் திறன் ஆகிய அனைத்தும் கலந்திருக்கும். நடன வகுப்பில் உடல் நேரில் வந்து பயில வேண்டியிருப்பதால் வருகைக்கு அதிக எடை அளிக்கப்படுவது வழக்கம். இதன் விளைவாக, திறமையாக ஆடும் ஆனால் பல நாட்கள் வராத மாணவரும், நாள்தோறும் வந்து நடுத்தரமாக ஆடும் மாணவரும் ஒரே மதிப்பெண்ணைப் பெறலாம். அந்த எண்ணைக் கொண்டு இருவரும் என்ன கற்றனர் என்று எவராலும் சொல்ல இயலாது.

கற்றல் பேறு மதிப்பீட்டில் ஒவ்வொரு திறனும் தனித்தனியே பிரித்துப் பார்க்கப்படுகிறது. இதில் கேள்வி "இந்த மாணவர் தேறினாரா" என்பதல்ல, "எங்கள் மாணவர்கள் இதைக் கற்கிறார்களா, இல்லையெனில் எந்த ஆண்டில் எந்த வகுப்பில் தவறவிடுகிறோம்" என்பதே. அதாவது தேர்வு எழுதுவது உண்மையில் துறைதான்.

வரலாறு

அமெரிக்காவில் நடனத்துக்கான முதல் பட்டப்படிப்பு 1926 ஆம் ஆண்டில் மாடிசன் நகரில் உள்ள விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதை உருவாக்கிய மார்கரெட் எச்'டோப்ளர் (1889 - 1982) நடனக் கலைஞர் அல்லர். உயிரியல் பயின்றவர், பெண்கள் உடற்கல்வித் துறையில் கூடைப்பந்து பயிற்றுவித்து வந்தவர். நடனத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தக்க முறை ஒன்றைத் தேடி நியூயார்க் சென்று திரும்பிய அவர், 1917 இல் வகுப்புகளைத் தொடங்கினார். மாணவிகளைத் தரையில் படுக்கவைத்து, ஈர்ப்பு விசையின் பாரம் இன்றி மூட்டுகள் எவ்வாறு அசைகின்றன என்று அவர்களே கண்டறியச் செய்தார். வகுப்பறையில் எலும்புக்கூடு ஒன்றும் இருந்தது. ஆசிரியரைப் பார்த்து அப்படியே ஆடுவது அவர் வகுப்பில் இல்லை. ஆகவே அசைவைப் புரிந்துகொண்டாரா என்பதே அங்கு அளவுகோல். அழகாக ஆடினாரா என்பது இரண்டாம் இடத்தில் இருந்தது.

இதற்கு மாறான மரபு மேடையிலிருந்து வந்தது. 1934 இல் பெனிங்டன் கல்லூரியில் மார்த்தா ஹில் தலைமையில் தொடங்கிய கோடைக்கால நடனப் பள்ளியும், 1951 இல் அவரே பொறுப்பேற்ற ஜூலியார்ட் பள்ளியின் நடனப் பிரிவும் தொழில்முறைக் கலைஞர்களைக் கொண்டே கற்பித்தன. இங்கு அளவுகோல் மேடைத் தகுதி. இவ்விரு மரபுகளின் தடம் இன்றும் பட்டங்களின் பெயரில் உள்ளது. கலை இளவர் பட்டம் பொதுக்கல்வியின் பகுதியாக நடனத்தைக் கொள்கிறது, நுண்கலை இளவர் பட்டம் தொழில்முறைப் பயிற்சியாகக் கொள்கிறது. 1981 இல் நிறுவப்பட்ட தேசிய நடனக் கல்விக்கூடங்களின் சங்கம் இவற்றுக்குத் தனித்தனித் தரவரைவுகளை வைத்துள்ளது. அவற்றின்படி நுண்கலை இளவர் படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நடனம் சார்ந்ததாக இருக்க வேண்டும். கலை இளவர் படிப்பில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைப்பது தவறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

கற்றல் பேறுகளைத் தனியே மதிப்பிடும் வழக்கம் நடனத் துறைக்குள் தோன்றியதன்று. விஸ்கொன்சின் மாநிலத்திலேயே உள்ள அல்வெர்னோ கல்லூரி 1973 இல் எழுத்து வடிவ மதிப்பெண்களைக் கைவிட்டு, வரையறுத்த ஆற்றல்களை மாணவர் செய்துகாட்ட வேண்டும் என்ற முறைக்கு மாறியது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கூட்டரசின் கல்வித் துறை, கல்லூரிகளுக்கு ஏற்பிசைவு வழங்கும் அமைப்புகள் மாணவர் கற்றதற்கான சான்றையும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் பின்னர் வேதியியல் துறைக்கு வந்த அதே படிவம் நடனத் துறைக்கும் வந்தது. பொறியியல் மாணவர்களுக்கு இது பழக்கமான கதையே. அமெரிக்கப் பொறியியல் ஏற்பிசைவு அமைப்பு 1997 இல் ஏற்ற விதிமுறைகள் பதினொரு பேறுகளைப் பட்டியலிட்டன, இந்தியப் பொறியியல் கல்லூரிகளும் பின்னர் அதே வழியில் சென்றன.

பிரித்தானியாவில் 1977 இல் இலண்டனின் லாபான் மையம் நடனத்தில் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அந்நாட்டில் வெளித் தேர்வாளர் முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் வந்து பார்த்துச் செல்லும் வழக்கம் நடனத்துக்கும் எளிதாக நீண்டது. நடனம், நாடகம், ஆற்றுகை ஆகியவற்றுக்கான பொதுத் தரவரைவு 2002 இல் வெளியிடப்பட்டது.

மதிப்பிடப்படும் பேறுகள்

துறைக்குத் துறை சொற்கள் வேறுபட்டாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே. நடன நுட்பமும் ஆற்றுகையும், நடன அமைப்பு, நடன வரலாறும் பண்பாட்டுச் சூழலும், உடற்கூற்றியலும் அசைவியலும், நடனத்தைப் பற்றி எழுதவும் பேசவும் வல்லமை, கற்பித்தல் என்பன வழக்கமாக இடம்பெறுகின்றன. சில துறைகள் லபனோட்டேசன் போன்ற அசைவுக் குறியீட்டு முறையை வாசிக்கும் திறனையும், ஒளியமைப்பு முதலிய மேடை நுட்பங்களையும் சேர்க்கின்றன. வரலாறும் உடற்கூற்றியலும் பிற பாடங்களைப் போலவே கட்டுரையாலும் தேர்வாலும் மதிப்பிடப்படுவதால் அவற்றில் சிக்கல் குறைவு. சிக்கல் முழுவதும் முதல் இரண்டில் உள்ளது.

கல்விக் குறிக்கோள்களை வகைப்படுத்திய பெஞ்சமின் புளூமின் குழு அறிவுசார் பகுதியை 1956 இலும் உணர்வுசார் பகுதியை 1964 இலும் வெளியிட்டது. உடலியக்கப் பகுதியை அக்குழு எழுதவே இல்லை. பிறர் பின்னர் அந்த இடைவெளியை நிரப்பினர். 1972 இல் அனிதா ஹாரோ வெளியிட்ட வகைப்பாட்டில் அனிச்சை அசைவு முதல் படியாகவும், சொல்லின்றி உடலால் வெளிப்படுத்தல் உச்சப் படியாகவும் உள்ளன. நடனம் அந்த உச்சப் படியில் வருகிறது. எனினும் பல துறைகள் எழுதும் பேறுகளில் இன்றும் "அறிவார்", "விளக்குவார்" போன்ற வினைச்சொற்களே மிகுதி. ஆடுவதற்கான வினைச்சொற்கள் குறைவு.

ஒரு பேற்றை எழுதுதல்

மதிப்பீடு நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் பேற்றை எழுதும் வாக்கியத்திலேயே முடிவாகிவிடுகிறது. பாலே நடனத்தில் கால்களை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பி நிற்றல் அடிப்படையானது. பரதநாட்டியத்தின் அரைமண்டியிலும் இதே செயல் உண்டு. "மாணவர் இரு பாதங்களையும் 180 பாகைக்குத் திருப்பி நிற்பார்" என்று ஒரு துறை எழுதினால் அது அளப்பதற்கு மிக எளிது, பாகைமானி போதும். ஆனால் கால் எவ்வளவு திரும்பும் என்பது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி எந்தக் கோணத்தில் அமைந்துள்ளது, இடுப்புக் குழி எவ்வளவு ஆழமானது, எந்தத் திசையை நோக்கியது என்பவற்றைச் சார்ந்தது. தசைநார்ப் பயிற்சியால் ஓரளவு கூட்டலாம், எலும்பை மாற்ற இயலாது. ஆகவே மேற்கண்ட வாக்கியம் நான்கு ஆண்டுப் படிப்பை அளக்கவில்லை, எலும்பை அளக்கிறது. இடுப்பு தராததை முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கிப் பெற முயலும் மாணவர் காயமடைவதும் இதனால் நேர்கிறது.

அதே பேற்றை வேறு விதமாகவும் எழுதலாம்: "மாணவர் தம் இடுப்பு மூட்டு அனுமதிக்கும் எல்லைக்குள் கால்களைத் திருப்புவார், முழங்காலை மடக்கும்போது அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கும், தாளத்தின் வேகம் மாறினாலும் இதைக் காப்பார்." இவ்வாறு எழுதினால் குறைந்த கோணம் உடைய மாணவரும் முழுமையாகத் தேறலாம், அகன்ற கோணம் உடையவரும் தவறலாம். அளப்பது கடினமாகிறது என்பது உண்மை. ஆயினும் அளக்கப்படுவது கற்றது.

இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு "மறுபக்கம்" எனப்படும் சோதனை. மேற்கத்திய நடன வகுப்பில் ஓர் அசைவுத் தொடரை ஆசிரியர் வலப்பக்கம் மட்டும் கற்பிப்பார், மாணவர் அதை இடப்பக்கம் தாமே மாற்றி ஆட வேண்டும். முன்பின் அறியாத ஒரு தொடரைப் பதினைந்து நிமிடத்தில் கற்பித்து, பின்னர் மறுபக்கம் ஆடச் சொன்னால் மனப்பாடத்தையும் புரிதலையும் பிரித்தறியலாம். புதிதாக எதையும் தயாரிக்கத் தேவையில்லாத, செலவில்லாத சோதனை இது. தொழில்முறைக் குழுக்களின் தேர்வரங்குகளிலும் மாணவர் இதையே எதிர்கொள்வார்.

சான்று சேகரிக்கும் முறைகள்

நேரடிச் சான்றுகளில் முதன்மையானது ஆசிரியர் குழு முன் ஆடிக்காட்டுதல். ஆண்டுக்கு ஒருமுறையோ பருவத்துக்கு ஒருமுறையோ நடைபெறும் இதில், தம் வகுப்பில் கற்பிக்காத ஆசிரியரும் மாணவரைப் பார்ப்பார். இறுதியாண்டில் பெரும்பாலான துறைகள் ஒரு நிறைவுத் திட்டத்தைக் கோருகின்றன. மாணவர் ஒரு படைப்பை அமைத்து மேடையேற்றி, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதுவார்.

நிகழ்படப் பதிவு மலிவான பின்னர் செயல்கோப்பு முறை பரவியது. முதலாம் ஆண்டில் பதிவு செய்த அதே அசைவுத் தொடரை நான்காம் ஆண்டில் மீண்டும் பதிவு செய்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் வளர்ச்சி தெரிகிறது. பதிவுகளின் வரிசையைக் கலைத்து, எது முந்தையது எனக் கூறாமல் மதிப்பீட்டாளரிடம் கொடுப்பது மேலும் நம்பகமானது. வளர்ச்சியை எதிர்பார்ப்பவருக்கு வளர்ச்சியே தெரியும். நிகழ்படத்துக்குக் குறையும் உண்டு. ஒரே நிழற்படக் கருவி ஆழத்தைத் தட்டையாக்கிவிடுகிறது, மூச்சையும் தரையில் பாதம் விழும் எடையையும் அது சரியாகப் பிடிப்பதில்லை.

துறைக்கு வெளியிலிருந்து வரும் சான்றுக்கு அமெரிக்கக் கல்லூரி நடனச் சங்கத்தின் மாநாடுகள் எடுத்துக்காட்டு. 1973 இல் தொடங்கிய இவற்றில் கல்லூரிகள் தம் படைப்புகளைக் கொண்டுவருகின்றன. நடுவர்களுக்குக் கல்லூரியின் பெயரோ படைப்பாளியின் பெயரோ, அவர் மாணவரா ஆசிரியரா என்பதோ தெரிவிக்கப்படுவதில்லை.

நடன அமைப்பை மதிப்பிடுவதற்குப் பல துறைகள் லிஸ் லெர்மன் 1990 இல் உருவாக்கிய விமர்சன மறுமொழி முறையைக் கையாளுகின்றன. முதலில் பார்த்தவர்கள் தமக்குப் பொருள்பட்டதைச் சொல்வர். அடுத்துப் படைப்பாளி கேள்வி கேட்பார். பின்னர் பார்த்தவர்கள் தம் கருத்தை உள்ளே மறைக்காத நடுநிலைக் கேள்விகளைக் கேட்பர். இறுதியில் படைப்பாளி அனுமதித்தால் மட்டும் கருத்தைக் கூறுவர். இது மதிப்பெண் இடும் கருவி அன்று. ஆனால் மாணவர் தம் படைப்பைப் பற்றி எத்தகைய கேள்விகளைக் கேட்கிறார் என்பதே அவரது கற்றலுக்கு நல்ல சான்றாகிறது.

பழைய மாணவர் கருத்தறிதல், பட்டம் பெறுவோருடன் நேர்காணல் ஆகியவை மறைமுகச் சான்றுகள் ஆகும். இவை துணைச் சான்றாக மட்டுமே கொள்ளப்படுகின்றன.

தரநிலை அட்டவணையும் மதிப்பீட்டாளர் உடன்பாடும்

ஒவ்வொரு பேற்றுக்கும் மூன்று அல்லது நான்கு தரநிலைகளை வகுத்து, ஒவ்வொரு நிலையிலும் கண்ணுக்குத் தெரிவது என்ன என்பதை எழுதிவைக்கும் அட்டவணை ரூபிரிக் எனப்படுகிறது. "சிறப்பு, நன்று, போதாது" என்று மட்டும் எழுதினால் அது அட்டவணை ஆகாது, மதிப்பெண்ணுக்கு வேறு பெயர் இட்டதே ஆகும். "தொடரை நிறுத்தாமல் ஆடுகிறார், ஆனால் திசை மாறும் இடங்களில் அருகிலுள்ளவரைப் பார்க்கிறார்" என்று எழுதினால் இருவர் ஒரே முடிவுக்கு வர வாய்ப்புண்டு.

அப்படி ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று சோதிப்பது அவசியம். இங்கு வெறும் சதவீதம் ஏமாற்றும். 20 மாணவர்களை இரு ஆசிரியர்கள் தனித்தனியே பார்க்கின்றனர் என்று கொள்வோம். 14 பேர் பேற்றை அடைந்தனர் என்று இருவரும், 2 பேர் அடையவில்லை என்று இருவரும் கூறுகின்றனர். எஞ்சிய 4 பேரில் ஆளுக்கு இருவரை மட்டும் தேர்ச்சியாகக் கொண்டு மாறுபடுகின்றனர். உடன்பாடு 20 இல் 16, அதாவது 80 சதவீதம். ஆனால் இருவரும் ஐந்தில் நான்கு பேரைத் தேர்ச்சியாகக் கருதும் இயல்பினர் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் 0.8 × 0.8 + 0.2 × 0.2 = 0.68 அளவுக்கு அவர்கள் ஒத்துப்போயிருப்பர். ஜேக்கப் கோகென் 1960 இல் முன்வைத்த கப்பா அளவையின்படி உண்மையான உடன்பாடு (0.80 − 0.68) ÷ (1 − 0.68) = 0.375 மட்டுமே. இத்தகைய நிலையில் மாணவரைக் குறைகூறும் முன் அட்டவணையின் சொற்களைத் திருத்த வேண்டும், அல்லது ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து சில பதிவுகளைப் பார்த்துத் தம் கண்ணைச் சீர்செய்துகொள்ள வேண்டும். இப்படிச் சேர்ந்து பார்க்கும் அமர்வுகளில் ஆசிரியர்களுக்கிடையே எழும் விவாதம், பின்னர் எழுதப்படும் அறிக்கையைவிடப் பயனுள்ளதாக இருப்பதுண்டு.

நடனத் துறைகள் சிறியவை என்பது மற்றொரு இடர். ஓராண்டில் பத்துப் பேர் பட்டம் பெறும் துறையில் ஒருவர் காயத்தால் ஆட இயலாமற் போனால் பேற்று விகிதம் பத்துச் சதவீதம் சரியும். அதைப் பாடத்திட்டத்தின் வீழ்ச்சி எனக் கொள்வது பிழை. எனவே மூன்று நான்கு ஆண்டுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

உடல் பற்றிய சிக்கல்கள்

உடல் எடை, உயரம், தோற்றம் ஆகியவற்றை மதிப்பீட்டில் சேர்ப்பது நடன உலகில் நீண்டகாலம் வெளிப்படையாகவே இருந்தது. நடனம் பயில்வோரிடையே உணவுப் பழக்கக் கோளாறுகள் மிகுதி என்பது மருத்துவ ஆய்வுகளில் பலமுறை பதிவான ஒன்று. 1990 இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நடன மருத்துவ, அறிவியல் சங்கம் போன்ற அமைப்புகளின் பணியால் காயத் தடுப்பும் உடல்நலமும் பாடத்திட்டத்துக்குள் வந்தன. இதன் பயனாக, தம் உடலின் எல்லையை அறிந்து அதற்கேற்பப் பயிற்சியைத் திட்டமிடும் திறனே இப்போது சில துறைகளில் ஒரு கற்றல் பேறாக எழுதப்பட்டுள்ளது. காயமடைந்த மாணவர் ஆடாமல் ஓரமாக அமர்ந்து வகுப்பைக் கவனித்துக் குறிப்பெழுதும் வழக்கமும் உண்டு. அக்குறிப்பு வெறும் வருகைக்கு ஈடாகக் கொள்ளப்படாமல், கூர்ந்து நோக்கும் திறனுக்குச் சான்றாகக் கொள்ளப்படும்போதே அதற்குப் பொருள் உண்டு.

நடன வகைகளுக்கிடையிலும் இச்சிக்கல் எழுகிறது. எடையற்றது போல் மேலெழுவது பாலேயில் பெறுமதியானது. தரையை அழுத்தி ஒலிக்கச் செய்வது பரதநாட்டியத்தில் பெறுமதியானது. முதலாவதற்கு எழுதிய அட்டவணையை இரண்டாவதன் மீது வைத்தால் நல்ல ஆடல் குறையாகத் தோன்றும். தமிழகத்தின் த. பாலசரஸ்வதி 1962 இல் முதன்முறை அமெரிக்காவில் ஆடினார், பின்னர் வெசுலியன் பல்கலைக்கழகம் முதலியவற்றில் கற்பித்தார். அவரது ஆடலில் பெரும்பகுதி ஒரே வரியைப் பாடிக்கொண்டு பலவாறு அபிநயிக்கும் மனோதர்மத்தில் இருந்தது. நீட்டல், தாவல், சமநிலை என்று கட்டம் போட்ட தாளில் அதற்கு இடமே இராது. ஆப்பிரிக்க, ஆசிய நடனங்களைக் கற்பிக்கும் துறைகள் இன்று ஒவ்வொரு மரபுக்கும் அதன் வல்லுநரைக் கொண்டே அளவுகோலை எழுதவைக்க முயல்கின்றன.

முடிவுகளைப் பயன்படுத்தல்

சேகரித்த சான்று பாடத்திட்டத்தில் மாற்றத்தை ஏற்படுத்தும்போதே இச்செயல்முறை நிறைவடைகிறது. நிறைவுத் திட்டக் கட்டுரைகளில் பலர் தம் படைப்பை விவரிக்கின்றனர், ஆனால் ஏன் அவ்வாறு அமைத்தனர் என்று விளக்கவில்லை எனத் தெரிந்தால், இறுதியாண்டு வரை காத்திராமல் இரண்டாம் ஆண்டு நடன அமைப்பு வகுப்பிலேயே எழுத்துப் பயிற்சி சேர்க்கப்படும். மறுபக்கச் சோதனையில் பலர் தடுமாறினால் நுட்ப வகுப்பில் புதிய தொடர்கள் கூட்டப்படும். நடைமுறையில் பல துறைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. அறிக்கை நிர்வாகத்துக்குச் சென்றடைகிறது, வகுப்பறைக்குத் திரும்புவதில்லை.

விமர்சனங்கள்

ஓவியராகப் பயின்று பின்னர் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியியலாளராக விளங்கிய எலியட் ஐசுனர் (1933 - 2014), 1967 இலேயே கல்விக் குறிக்கோள்கள் உதவியா தடையா என்ற கேள்வியை எழுப்பினார். கலையில் விளையப்போவதை முன்கூட்டியே முழுவதும் எழுதிவிட முடியாது என்பது அவரது வாதம். மாணவர் எதிர்கொள்ள வேண்டிய சூழலை மட்டும் வகுத்து, விளைவைத் திறந்து விடும் வெளிப்பாட்டுக் குறிக்கோள்களை அவர் மாற்றாக முன்வைத்தார். தேர்ந்த சுவைஞர் ஒருவர் நுணுகிக் கண்டு மொழியில் விவரிப்பதும் மதிப்பீடே என்றார்.

அளக்க எளிதானவை மட்டும் பட்டியலில் ஏறுகின்றன என்பதும், ஏறியவை மட்டும் கற்பிக்கப்படுகின்றன என்பதும் மற்றொரு குற்றச்சாட்டு. இது நியாயமானதே. எனினும் அட்டவணை இல்லாத காலத்தில் மதிப்பீடு இல்லாமல் இல்லை, ஆசிரியரின் மனத்துக்குள் இருந்தது. எந்த அடிப்படையில் தாம் பின்னிருத்தப்பட்டோம் என்று கேட்க மாணவருக்கு அப்போது வழியில்லை. நடனத் துறைகள் நிதிக்குறைப்பின்போது முதலில் கணக்குக் கேட்கப்படுபவை என்பதால், மாணவர் என்ன கற்கின்றனர் என்று சான்றுடன் காட்ட இயலும் துறைக்கு வாதிட ஏதேனும் கையில் இருக்கும் என்றும் ஆதரவாளர்கள் கூறுகின்றனர்.

தமிழ்ச் சூழல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் தமிழ் வழியில் நடனப் பட்டப்படிப்பை வழங்குகின்றன. இலங்கையில் 2012 இல் வெளியான தகைமைகள் சட்டகம் பட்டங்களின் கற்றற் பேறுகளை வரையறுக்கிறது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010களின் இறுதியில் கற்றல் விளைவு அடிப்படையிலான பாடத்திட்டச் சட்டகத்தைப் பரிந்துரைத்தது.

பரதநாட்டியத்துக்கு இம்முறையில் ஒரு வசதி உண்டு. அடவுகள் ஏற்கெனவே பெயரிடப்பட்டு, மூன்று காலங்களில் ஆட வேண்டியவையாக வகுக்கப்பட்டுள்ளன. விரைவு கூடும்போது அரைமண்டி உயர்ந்துவிடுகிறதா என்று பார்ப்பது ஆசிரியர் அனைவரும் வழக்கமாகச் செய்வதே. அதை எழுதிவைத்தால் தரநிலை அட்டவணையின் ஒரு வரி கிடைத்துவிடும். அபிநயத்துக்கு அத்தகைய வரி எளிதில் கிடைப்பதில்லை. குரு கற்பித்த சஞ்சாரியை அப்படியே செய்பவரையும் தாமே ஒன்றைக் கண்டடைபவரையும் வேறுபடுத்த, பயிலாத பதம் ஒன்றின் வரியைக் கொடுத்துச் சிறிது நேரத்தில் அபிநயிக்கச் சொல்வது ஒரு வழி. நடன அரங்கேற்றத்தில் இச்சோதனைக்கு இடமில்லை, அங்கு ஆடப்படும் அனைத்தும் முன்கூட்டியே பயிலப்பட்டவை.